உப்புவெளிக் கையறுநிலை

வள்ளல் மாய்ந்தபின் அவன் வாயிலில் நின்று அழுவது கையறுநிலை. வள்ளல் கண்ணெதிரே மெலிந்துகொண்டிருக்க, அவன் முற்றத்தில் இன்னும் பரிசில் நாடி நிற்போரைக் கண்டு அழுவது அதனினும் கொடிது. அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்தின் மேற்கெல்லையில், வெண்டோவர் என்னும் சிற்றூரை அடுத்து விரிந்து கிடக்கும் பொன்னவில் உப்புவெளியே! உனக்கு நாங்கள் பாடும் இரங்கல் இத்தகையது. தரைமேல் மனிதன் எத்துணை விரைவாகச் செல்ல இயலும் என்று வினவி, புதிதாய்ச் செய்த ஊர்திகளோடு வந்தவர்க்கெல்லாம் நீ இடம் கொடுத்தாய். சீமானுக்குக் கொடுத்தாய், சிறு பட்டறைக்காரனுக்கும் கொடுத்தாய். எந்த நாட்டான் என்று கேட்டிலை; கையில் எவ்வளவு பொருள் என்றும் கேட்டிலை. இன்று, நீ கொடுப்பதற்கென உள்ள உன் உடலே குறைந்துகொண்டு வருகிறது. இதை யாரிடம் சொல்லி ஆறுவோம்!

நீ பிறந்தது நீரில். பனியூழிக் காலத்தில் உன் இடத்தில் பேரேரி ஒன்று கிடந்தது. ஐம்பதாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பும் ஆயிரம் அடி ஆழமும் கொண்ட ஏரி. ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் அதன் வடகரை ரெட் ராக் கணவாயில் உடைந்தது. வெள்ளம் ஸ்நேக் ஆற்றுவழியே பாய்ந்தோடியது. எஞ்சிய நீரைக் காலமும் வெயிலும் பருகின. கடலை எட்ட வழியில்லாத அப்படுகையில் நீர் போயிற்று, உப்பு தங்கிற்று. நெய்தலின் விளைபொருளைப் பாலையின் மடியில் ஏந்திப் பிறந்தவள் நீ. கடலோ காணாத் தொலைவில். உன் உடலில் பத்தில் ஒன்பது பங்கோ நாங்கள் சோற்றில் இடும் அதே உப்பு.

ஆண்டுதோறும் நீ கரைந்து மீண்டும் உருவானாய். மாரியில் உன்மேல் மெல்லிய நீர் பரவும். காற்று அந்நீரை இங்கும் அங்கும் தள்ளிச் செல்ல, மேடு கரையும், பள்ளம் நிரம்பும். வேனில் பிறந்து நீர் வற்றியதும் கொத்தனின் மட்டக்கோலும் குறை காணாத் தளமொன்று வெண்மையாய்க் காட்சி தரும். வெயில் முதிர முதிர அதன்மேல் பலகோண வரப்புகள் எழும். சூட்டில் அலையும் காற்றிலே தொலைவு மலைகள் அடியற்று மிதக்கும். அவற்றுள் ஒன்றுக்கு மிதக்கும் தீவு என்றே பெயர். புல்லில்லை, புள்ளில்லை, நிழலில்லை. ஆயினும் வெறுமையே உன் செல்வம் ஆயிற்று. மோதுதற்கு ஒரு மரமும் இல்லாத நிலமே, தன்னைத் தடுக்க இயலாத வேகத்தோடு வருவோனுக்கு அருள் நிலம்.

முதலில் வந்தோர் உன்னை அஞ்சினர். 1846இல் கலிபோர்னியா நோக்கிச் சென்ற டானர் கூட்டத்தார் உன்னைச் சூழ்ந்த உப்புப் பாலையில் நீரின்றித் தவித்தனர். வண்டிச் சக்கரங்கள் சேற்றில் இறங்கின, எருதுகள் ஓடிப்போயின, வண்டிகள் சில அங்கேயே கைவிடப்பட்டன. அங்கே இழந்த நாள்கள் பின்பு சியரா நெவாடாவின் பனியில் அவர்களைப் பழிவாங்கின. அவர்களை வாட்டிய அதே வெறுமையை, இருபதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தபின் வேறு கண்கள் கண்டன. 1914இல் டெடி டெட்ஸ்லாஃப் பிளிட்சன் பென்ஸ் காரில் உன்மேல் மணிக்கு 142 மைல் விரைந்தான். 1925இல் ஏப் ஜென்கின்ஸ் என்பான் ஸ்டூட்பேக்கர் காரில் ரயிலோடு பந்தயம் ஓடி வென்றான். உன்னை உலகுக்குச் சொன்ன முதற்பாணன் அந்த ஜென்கின்ஸே. பின்னர் 1940இல் மார்மன் மீட்டியர் என்னும் வண்டியில் இருபத்துநான்கு மணிநேரம் சராசரியாக 161 மைல் வேகத்தில் உன்னை வலம் வந்தான்; அவ்வாண்டே சால்ட் லேக் நகரின் மேயராகவும் பொறுப்பேற்றான்.

கடல் கடந்தும் உன் புகழ் சென்றது. அந்நாள்வரை வேகம் நாடியோர் பெரும்பாலும் கடற்கரை மணலை நம்பியிருந்தனர். 1935 மார்ச்சில் டேட்டனா கடற்கரையில் மணிக்கு 276 மைல் வேகத்தில் ஓடிய மால்கம் கேம்பெல், அம்மணல் இனித் தாங்காது என்று உணர்ந்து, அவ்வாண்டு செப்டம்பரில் புளூபேர்டு வண்டியோடு உன்னிடம் வந்தான். முதல் ஓட்டத்தின் முடிவில் முன்சக்கர டயர் வெடித்துத் தீப்பற்றியது. அதை மாற்றித் திரும்ப ஓடினான். முந்நூறைத் தொடவில்லை என்றனர் முதலில். கணக்கைத் திருத்திய பின்னர் 301.13 என்றனர். முந்நூறு மைலைக் கடந்த முதல் மனிதனை உலகுக்குத் தந்தவள் நீ.

உன் கொடையின் தன்மை அறியாதார்க்கு அதைச் சொல்லல் வேண்டும். புதிய ஊர்தியைச் சோதிப்போர்க்கு வேண்டுவன மூன்று. வேகம் கூட நீண்ட தொலைவு. வேகம் தணிய அதனினும் நீண்ட தொலைவு. இரண்டிற்கும் இடையே அளந்த ஒரு மைல். மூன்றையும் ஒரே நேர்கோட்டில் தந்தாய். அதன்மேலும் ஒரு வரம் ஈந்தாய். உன் தளத்து ஈரம் சுழலும் டயரைக் குளிரச் செய்தது; மணலும் சாலையும் தர இயலாத கொடை அது. எஃகு உத்திரத்தை இழுத்து வரப்புகளைச் சீவினர். கண்கூசும் வெண்மையில் ஓட்டுநன் திசை தப்பாதிருக்க, மைல் மைலாய்க் கறுங்கோடு இட்டனர். காற்றின் உதவியைக் கழிக்க, போன வழியே ஒரு மணிநேரத்துக்குள் திரும்ப ஓடவேண்டும் என்பது விதி. இரு ஓட்டத்தின் சராசரியே சாதனை. அவ்வொரு மணிக்குள் டயர் மாற்றி, எரிபொருள் நிரப்பி, பனிக்கட்டி இட்டு எஞ்சினைக் குளிர்விக்க வேண்டும். முதல் நாளிலேயே முழு வேகம் கேட்போன் மூடன். இன்று இருநூறு, நாளை இருநூற்றைம்பது என்று படிப்படியாய் ஏறி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் வண்டியின் மேற்கூட்டைக் கழற்றி, திருகு திருகாய்ப் பார்ப்பவனே உன் மாணாக்கன்.

1938இல் உன் முற்றத்தில் ஒரு பெரும் போட்டி நிகழ்ந்தது. ஜார்ஜ் ஐஸ்டன் தண்டர்போல்ட் வண்டியோடும், ஜான் காப் ரெயில்ட்டன் வண்டியோடும் வந்திருந்தனர். ஐஸ்டனின் வண்டி வெள்ளிபோல் பளபளத்தது. உன் வெண்மையில் அவ்வெள்ளியைக் காலம் அளக்கும் ஒளிக்கண் காணத் தவறிற்று. அந்த ஓட்டம் கணக்கில் ஏறாமற் போயிற்று. பிறகு வண்டியின் பக்கத்தில் கறுப்புத் தீட்டி மீண்டும் ஓடினர். செப்டம்பர் 15 அன்று காப் 350.20 மைலில் முடி சூடினான். மறுநாளே ஐஸ்டன் 357.50இல் அதைப் பறித்தான். ஒரே நாளிடையில் கைமாறிய அம்முடியை இருவருக்கும் நீயே சூட்டினாய், ஒருவர்பால் சாய்ந்தாயில்லை. போர் மூண்டு ஓய்ந்தபின் 1947இல் காப் மீண்டும் வந்தான். ஒரு திசையில் நானூறைக் கடந்தான். இரு திசைச் சராசரி 394.19. அச்சாதனை பதினாறு ஆண்டுகள் அழியாது நின்றது. அவனோ அத்துணை நாள் நின்றானில்லை. 1952இல் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் படகு வேகத்தைச் சோதிக்கையில் நீர் அவனைக் கொண்டது. உன்மேல் நானூறு மைலில் ஓடி உயிரோடு இறங்கியவனை அலை ஒன்று அழித்தது. காப் இல்லை என்ற செய்தி எட்டிய நாளிலும் உன் தளத்து உப்பு வழக்கம்போல் வெண்மையாய் விளைந்திருந்தது. அவனைப் பாட வேறு யார் உளர்?

இனி, உன்மேலேயே மாய்ந்தாரை நினைக்கும்போது நா தழுதழுக்கிறது.

ஆத்தோல் கிரஹாமே! சால்ட் லேக் நகரத்து மெக்கானிக்கே! போர் விமானத்துக்கென வார்த்து, போர் முடிந்ததால் எஞ்சிய ஆலிசன் எஞ்சின் ஒன்றை வாங்கி, உன் கையாலேயே ஊர்தி செய்தாய். உன் நகரின் பெயரையே அதற்குச் சூட்டினாய். உன் பின்னே பெருநிறுவனம் இல்லை; அரண்மனை இல்லை; ஒரு பட்டறையும் சில தோழரும் இருந்தனர். 1960 ஆகஸ்ட் 1 அன்று முந்நூறு மைலைத் தாண்டிய வேகத்தில் வண்டி தடுமாறிக் கவிழ்ந்தது. நீ மீண்டாயில்லை. உன் துணைவி அவ்வண்டியை மீண்டும் எழுப்பச் செய்து, உன் தோழனை அதே உப்புக்கு அனுப்பினாள். கணவனைக் கொண்ட நிலத்தை வெறுக்காமல், அவன் விட்ட வேலையை முடிக்க விரும்பிய நெஞ்சுரத்துக்குப் பெயர் என்ன? புறம் பாடிய புலவர் அவளைக் கண்டிருந்தால் பாடாது விட்டிரார்.

அதே கோடையில், செப்டம்பர் 9 அன்று, மிக்கி தாம்சன் நான்கு போன்டியாக் எஞ்சின் பூட்டிய சாலஞ்சர் வண்டியில் ஒரு திசையில் 406.60 மைல் ஓடினான். திரும்பும் ஓட்டத்தில் சுழல்தண்டு முறிந்தது. சாதனை ஏட்டில் ஏறவில்லை. ஒரு வாரம் கழித்து, மால்கமின் மகன் டொனால்டு கேம்பெல், தந்தையின் வண்டிப் பெயரையே தாங்கிய புதிய புளூபேர்டில் முடுக்கிச் செல்கையில், 360 மைலைத் தாண்டிய நேரத்தில் தடம் மாறித் தூக்கி எறியப்பட்டான். மண்டை ஓடு வெடித்தது, உயிர் தப்பியது. 1964இல் ஆஸ்திரேலியாவின் அயர் ஏரி உப்பில், மழையால் நனைந்த தளத்தில், 403.10 மைல் என்னும் சாதனையை அவன் அடைந்தான். அவனையும் நீரே கொண்டது. 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியில்.

கிளென் லீஷரே! இளையோனே! இன்ஃபினிட்டி என்று பெயரிட்ட ஜெட் ஊர்தியோடு 1962 செப்டம்பர் 10 அன்று நீ புறப்பட்டாய். எல்லையின்மை என்று பொருள்படும் பெயர் தாங்கிய வண்டிக்கு உப்பின்மேல் எல்லை வந்தது. தோழர் கறுங்கோட்டின் மருங்கில் நின்று பார்த்திருக்க, நீ சிதைந்தாய். உனக்கு உப்பின்மேல் நடுகல் நாட்ட இயலாது. நாட்டினும் மாரி வந்து அடியைக் கரைக்கும். உன் பெயரை நாவில் நாட்டுவதன்றி நாங்கள் செய்யத் தக்கது வேறில்லை.

உப்பே! இவரை நீ கொன்றாய் என்று பழிப்பார் உளர். அப்பழி நியாயமன்று. நீ எவரையும் அழைத்தாயில்லை. எவர்க்கும் பொய் உரைத்தாயில்லை. வண்டியில் உள்ள குறையைக் காட்டுவதே உன் தொழில். 1962இல் கிரெய்க் பிரீட்லவ் தன் ஜெட் ஊர்தியைக் கொண்டுவந்தபோது, அது நேரே ஓடாது என்பதைக் காட்டினாய். அவன் கேட்டான், வண்டியோடு வீடு திரும்பினான், முன்சக்கரத்தைத் திருப்பும்படி அமைத்து, வாலில் நிமிர்ந்த துடுப்பு ஒன்றைப் பொருத்தி 1963இல் மீண்டும் வந்தான். ஆகஸ்ட் 5 அன்று 407.45 மைல் அளித்தாய். 1964இல் 526 மைலைக் கடந்தபின் அவனுடைய பாராசூட்டுகள் அறுந்தன, பிரேக்குகள் எரிந்துபோயின, தொலைபேசிக் கம்பம் ஒன்றை முறித்துக்கொண்டு உப்புநீர்க் குட்டையில் வண்டி மூழ்கியது. அவன் நீந்திக் கரையேறினான். மறுவருடம் அவனுக்கு அறுநூறு மைலையும் கொடுத்தாய். உன் சொல்லைக் கேட்டவனை நீ வாழவே விட்டாய்.

எளியோரையும் நீ மறந்தாயில்லை. சம்மர்ஸ் சகோதரர் இருவர் கலிபோர்னியாவில் பழைய காய்கறிக் கடை ஒன்றையே பட்டறையாக்கிக் கோல்டன்ராடு என்னும் நீண்ட மெல்லிய ஊர்தியைக் கட்டினர். 1965 நவம்பர் 12 அன்று 409.28 மைலில், எஞ்சினால் சக்கரம் சுழற்றி ஓடும் வண்டிகளுக்குள் அதனை முதலாக்கினாய். நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் இருந்து வந்த பர்ட் மன்ரோ, 1920இல் செய்யப்பட்ட இந்தியன் மோட்டார் சைக்கிளை வாழ்நாளெல்லாம் திருத்தி, பிஸ்டனையும் தானே வார்த்து, 1967இல் அறுபது கடந்த வயதில் 184 மைல் ஓடினான். முதுமையை நீ இகழ்ந்தாயில்லை. 1970 அக்டோபர் 23 அன்று, இயற்கை எரிவாயுவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊட்டிய புளூ ஃபிளேம் என்னும் ராக்கெட் ஊர்தியில் கேரி கேபலிச் 622.41 மைல் ஓடினான். தரைமேல் ஓடும் ஊர்திகளுக்கெல்லாம் தலையாய முடியை நீ சூட்டியது அன்றே கடைசி.

அதன்பின் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டுமே. 1981இல் ரிச்சர்டு நோபிள் திரஸ்ட்2 வண்டியோடு உன்னிடம் வந்தான், நானூறைக் கடந்தான், மழை வந்து மூடியது. மறுவருடம் நீ வெள்ளத்தில் கிடந்தாய். அவன் நெவாடாவின் பிளாக் ராக் களிமண் வெளிக்குச் சென்று 1983இல் 633 மைல் கண்டான். 1997இல் ஆண்டி கிரீன் அங்கேயே ஒலியின் வேகத்தைக் கடந்து 763 மைலில் ஓடினான். உன் மைந்தர் வேறு முற்றம் நாடினர். அதற்காக அழவில்லை, முடி இடம்மாறுவது உலகியல். அழுவது உன் உடலுக்காக.

முதல் உலகப் போரில் ஜெர்மானியப் பொட்டாஷ் வரத்து நின்றபோது, உன் அடியில் தேங்கிய உப்புநீரில் பொட்டாஷ் உண்டு என்று கண்டனர். கால்வாய் வெட்டி அந்நீரை வடித்தனர். ஆவியாக்கும் குளங்களில் நிறுத்திப் பொட்டாஷைப் பிரித்தனர். அது வயல்களுக்கு உரமாயிற்று. அதைப் பழிக்க மாட்டோம். பயிர் உண்ணும் உப்பு அது. ஆனால் உன் மேனியை ஆண்டுதோறும் புதுப்பித்ததும் அதே உப்புநீரே. அது வெளியே போகப் போக, வெள்ளம் வந்து வற்றினாலும் பழைய கனம் திரும்பவில்லை. நெடுஞ்சாலை ஒன்று மேடெழுப்பி உன்னை ஊடறுத்தது. பருவமும் பொய்த்தது. எது எத்துணைப் பங்கு என்று ஆய்வோர் இன்னும் வழக்காடுகின்றனர். உப்புநீர் வடிந்ததும் உன் தளம் மெலிந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதில் வழக்கில்லை. பத்து மைலுக்கும் மேல் நீண்டிருந்த ஓடுதடம் குறுகிற்று. எட்டு மைல் கிடைத்தாலே மகிழும் காலம் வந்தது. 1949 முதல் ஆகஸ்டுதோறும் கூடிவரும் வேக வாரம் என்னும் பந்தய விழாவை 2014இலும் 2015இலும் அடுத்தடுத்துக் கைவிட்டனர். நீர் ஓராண்டு, மெல்லிய உப்பினூடே மேலெழுந்த சேறு மறு ஆண்டு. 2022இல் மீண்டும் நீர். ஆண்டு முழுதும் எஞ்சின் கட்டி, விடுப்பும் பொருளும் சேர்த்து வந்தோர், வெண்டோவர் எல்லையில் நின்று ஈரத்தைப் பார்த்துத் திரும்பினர்.

உன்னைக் காக்க முயன்றதே இல்லை என்று சொல்லோம். 1975இல் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் உன்னைச் சேர்த்தனர். 1997 முதல் ஐந்தாண்டுகள் மாரிதோறும் உப்புநீரை உன்மேல் திருப்பிப் பாய்ச்சினர். அறுபது லட்சம் டன்னுக்கு மேல் உப்பு வந்து சேர்ந்தது என்று கணித்தனர். ஆயினும் தளத்தின் கனம் எதிர்பார்த்தபடி கூடவில்லை. வந்த உப்பின் பெரும்பங்கு கரைந்து நிலத்தடிக்குள் இறங்கிற்று. நூற்றாண்டு எடுத்ததை ஐந்தாண்டு ஈடுசெய்யாது. இருப்பினும் அம்முயற்சி ஒன்றை உறுதிப்படுத்தியது. உப்பைத் திருப்பித் தர இயலும். தரும் மனம் நீடிக்க வேண்டும்.

இனி யார் தருவார், கேம்பெலுக்குத் தந்த முந்நூறை? யார் தருவார், பட்டறைக்காரன் ஒருவனுக்கு அளந்த ஒரு மைலும் அதற்குமுன் ஓட ஐந்து மைலும்? பணம் உள்ளவன் தென்னாப்பிரிக்காவின் ஹாக்ஸ்கீன் வெளியைப் பல்லாண்டு கல் பொறுக்கித் துப்புரவு செய்விக்கலாம். பிரித்தானியர் தம் புதிய ஊர்திக்காக அதையே செய்தனர். கிரஹாம் போன்றோன் எங்கே போவான்? காசின்றி வந்தவனுக்கும் கதவு திறந்திருந்த ஒரே வாயில் நீ. உன் மெலிவால் முதலில் வறியவனாகப் போகிறவன் அவனே.

ஆகலின் உப்புவெளியின் மேல் உரிமை கொண்டாடுவோர் எல்லார்க்கும் இது எங்கள் வேண்டுகோள். உப்புநீர் எடுப்போர், எடுத்த அளவை மறைக்காமல் எழுதி, அதே அளவு உப்பை ஆண்டுதோறும் திருப்பி இடுங்கள். அரசே, அதனை அளந்து பார், அளந்ததை ஊர் அறியச் சொல், ஐந்தாண்டோடு நிறுத்திவிடாதே. ஓட்டுநர்களே, தளம் ஈரமாய் இருக்கும் நாளில் சக்கரத்தை இறக்காது பொறுத்திருங்கள். மெல்லிய தோலைக் கிழிப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. கிரஹாமும் லீஷரும் உயிர் கொடுத்து ஓடிய நிலம் இது. அவர்கள் உயிரைத் திருப்பித் தர எவராலும் இயலாது. எடுத்த உப்பைத் திருப்பித் தர எல்லாராலும் இயலும், தருவதே கடன்.